நூற்றைந்தில் ஒன்று

தார்த்து நகரம், டிசம்பர்.
காலை எட்டரை, இன்னும் விடியவில்லை.
எமயோகி ஆற்றின் பனிக்கட்டி
ஆள் தாங்காது என்று பலகை வைத்திருக்கிறார்கள்.
விர்வே மேலங்கியைக் கழற்றாமலே
ஆய்வகத்துக்குள் போய்க் குடுவையைத் தூக்கிப் பார்க்கிறாள்.
மறுபடியும் வெள்ளை.
திரிந்த பால் மாதிரி, அடியில் கட்டி கட்டியாய்.
நான்காவது முறை.

கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் எடுத்த நொதி அது.
நூற்று இருபத்தொன்பது மணி கோத்த ஒற்றைச் சரம்,
லைசீனில் தொடங்கி லியூசினில் முடிகிறது.
யூரியாவை ஊற்றியதும் சுருளெல்லாம் அவிழ்ந்தது.
அறையே மூக்கைப் பொத்திக்கொண்ட இன்னொரு திரவம்
கந்தகத்தைக் கந்தகத்தோடு கட்டியிருந்த
நாலு முடிச்சையும் அவிழ்த்துவிட்டது.
ஒரு மணி குறையவில்லை.
வரிசையில் ஒன்றும் இடம் மாறவில்லை.
வேலை மட்டும் மறந்துவிட்டது.

எங்கே இருந்தது அந்த வேலை?
முப்பத்தைந்தாம் மணியிலா, ஐம்பத்திரண்டாம் மணியிலா?
சரத்தை நீட்டிப் பிடித்தால்
ஒரே தெருவில் பதினேழு வீடு தள்ளிக் குடியிருப்பவை அவை,
பார்த்தால் தலையசைக்கக்கூட வழியில்லை.
மடிந்துவிட்டாலோ
ஒரு பள்ளத்தின் இரு கரையில் எதிரெதிரே நிற்கும்.
பாக்டீரியாவின் சுவரிலிருந்து ஒரு சர்க்கரைச் சங்கிலி
பள்ளத்தில் வந்து படுக்கும்.
இக்கரை ஒரு புரோட்டானை நீட்டும்,
அக்கரை அணைத்துப் பிடிக்கும்,
சங்கிலி அறும்.
அந்த எதிரெதிர் நிற்றலுக்குத்தான் தொழில் என்று பெயர்.

மதியம் கல்யு அவித்த முட்டையைக் கொண்டுவந்து
அவள் மேஜையிலேயே உரிக்கிறான்.
"உன் ஆராய்ச்சியைத்தான் தின்கிறேன்" என்கிறான்,
உப்பைத் தேடிக்கொண்டு.
"இதுவும் மடிப்புக் குலைந்ததுதானே, இது ஏன் திரும்புவதில்லை?"
"நெரிசலில் அவிழ்ந்தது அது.
தன்னைப் பிடிக்கவேண்டிய கை
பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டது..."
பாதியில் நிறுத்துகிறாள்.
நாலு முறையும் அவள் செய்தது அதுதான்:
பொறுமையில்லாமல் மொத்தமாகக் கவிழ்த்தது.
கல்யு இன்னும் உப்பைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

ஐந்தாவது முறை.
பெரிய குடுவை, நிறைய நீர், சின்னக் குழாய்.
ஒரு சொட்டு.
காத்திரு.
ஒரு சொட்டு.
தண்ணீரைப் பிடிக்காத மணிகள்
மழைக்கு ஒதுங்குவதுபோல் உள்ளே நகர்கின்றன.
பிடித்தவை வெளித்திண்மமாய்ச் சுற்றி நிற்கின்றன.
எட்டுக் கந்தகங்கள்,
ஜோடி சேர நூற்றைந்து வழி,
சரியானது ஒன்றே ஒன்று:
அதில் ஆறாவது, அத்தனை தூரம் தாண்டி
நூற்று இருபத்தேழாவதைத் தேடிப் போகவேண்டும்.
தவறிப் பிடித்த கையை விடுவதற்கும்
நீரில் கொஞ்சம் மருந்து கலந்திருக்கிறாள்.
பிடிக்கத் தெரிந்தால் போதாது, விடவும் தெரியவேண்டும்.
அச்சு இல்லை, வரைபடம் இல்லை.
கோத்த வரிசையே வழி சொல்கிறது.

மறுநாள் குடுவை தெளிவாக இருக்கிறது.
தெளிவு ஒன்றையும் நிரூபிக்காது என்று அவளுக்குத் தெரியும்.
பாக்டீரியா கலந்த கலங்கல் நீரில் ஒரு துளி விட்டு
கருவியின் எண்ணைப் பார்க்கிறாள்.
0.70.
0.70.
0.69.
நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்துவிடுகிறாள்.
0.64.
0.55.
கலங்கல் கரைந்துகொண்டே போகிறது,
யாரோ உள்ளிருந்து ஜன்னல் துடைப்பதுபோல.

நோட்டில் எழுதுகிறாள்: மீண்டது நூற்றுக்கு அறுபத்தொன்று.
மீதி முப்பத்தொன்பது எங்கே என்று கல்யு கேட்பான்.
கேட்கட்டும்.

மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
பாலத்தில் காற்று ஊசி ஊசியாய்.
கண்ணில் நீர் வழிகிறது, அழுகை இல்லை, வெறும் குளிர்.
அந்த நீரிலும் முட்டையின் நொதிக்கு ஒரு உறவு உண்டு:
ஒரு மணி கூடுதல், அதே நாலு முடிச்சு,
அதே பள்ளம்,
இந்த நேரத்திலும் எதையோ அறுத்துக்கொண்டு.
கையுறையால் துடைத்துவிட்டு
பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறாள்.